பாக்டீரியா குரோமியத்தைத் தின்னுமா?

‘எண்ணெய் தின்னும் பாக்டீரியா’ என்னும் தொடரை நீங்கள் படித்திருப்பீர்கள். அது பொய்யல்ல. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதிக்கொண்டதில் எண்ணெய் கடலில் கொட்டியது. கரையோரம் வாளி வாளியாக அள்ளிய எண்ணெய்ச் சேற்றை (அந்த வாளிகளைப் பார்த்து ஊரே சிரித்தது வேறு கதை) துறைமுக வளாகத்திலேயே நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்க ஏற்பாடு செய்தார்கள்.

இதன் தத்துவம் எளிது. எண்ணெய் பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. மண்ணில் இயல்பாகவே வாழும் சில பாக்டீரியாக்களுக்கு அது உணவு. ஆனால் கரியை மட்டும் கொண்டு உடலைக் கட்ட முடியாது. நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டும். கரி 100 பங்குக்கு நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்பது ஏறக்குறைய வழக்கிலுள்ள அளவு. அந்த அளவில் உரமிட்டு, மண்ணைக் கிளறிக் காற்றோட்டம் தந்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் எண்ணெயில் பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறிப்போகும். 1989-இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் படிந்த அலாஸ்காக் கடற்கரைகளில் இதையும் செய்தார்கள்: அங்கேயே இருந்த பாக்டீரியாக்களுக்கு உரம் தெளித்தார்கள்.

என் குறை ‘தின்னும்’ என்ற சொல்லின் மேல்தான். எண்ணெய்க்குப் பொருந்தும் அச்சொல்லை எங்கள் வேலூர், ஆம்பூர்ப் பகுதித் தோல் கழிவுக்கும் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். பள்ளிக் கண்காட்சி அட்டையில் பாக்டீரியா வாயைத் திறந்து குரோமியத்தை விழுங்குகிறது! வரைந்த மாணவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் படித்த கட்டுரை அப்படி.

குரோமியம் ஒரு தனிமம். அணு எண் 24. உயிரினங்களின் வேதிவினை எதுவும் அணுக்கருவைத் தொடுவதில்லை. உள்ளே போனது குரோமியம் என்றால் வெளியே வருவதும் குரோமியமே.

அப்படியானால் பாக்டீரியாவால் பயனே இல்லையா? உண்டு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் கரைந்து நிலத்தடியில் வெகுதூரம் போகும், புற்றுநோய் உண்டாக்கும். கரும்பாலைக் கழிவுப்பாகு போன்ற உணவைத் தந்தால் சில பாக்டீரியாக்கள் அதை மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிடும். இதற்கு நஞ்சு குறைவு. எளிதில் கரையாமல் மண்ணிலேயே படியும். ஆனால் மண்ணில் மாங்கனீஸ் ஆக்சைடு இருந்தால் அதில் ஒரு பகுதி மீண்டும் ஆறுக்கு ஏறலாம்.

இராணிப்பேட்டையில் இது ஏட்டுக் கணக்கல்ல. 1990-களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொழிற்சாலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை வளாகத்திலேயே குவித்துவிட்டுப் போனது. மழைநீர் அதில் ஊறி மஞ்சளாக இறங்கியது. தோல் பதனிட உதவுவது மூன்று இணைதிறன் உப்புதான். அதைச் செய்வதற்கான குரோமேட்டே ஆறு இணைதிறன் கொண்டது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவோரும் உண்டு.

தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் பாக்டீரியாக்கள் உழைக்கின்றன. கொழுப்பையும் புரதத்தையும் அவை தின்னும், உப்பைத் தொடா, குரோமியம் சேற்றோடு தங்கிவிடும். அந்தச் சேற்றை எங்கே வைப்பது? 2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டை சிட்கோவில் இத்தகைய நிலையம் ஒன்றின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். ‘தின்றுவிடும்’ என்று எழுதும் கட்டுரைகளில் இந்தச் சேற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

அதைவிட எளிய வழியையும் அவை சொல்வதில்லை. குரோம் நீரை மற்றக் கழிவோடு கலக்கவிடாமல் தனிக் கால்வாயில் பிரித்து, மக்னீசியம் ஆக்சைடு இட்டால் குரோமியம் படியும். அப்படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி டிரம்முக்கே போகலாம். இதில் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை.