பன்றிமூக்கு போன கதை

1977-இல் அமெரிக்காவின் டி.எஸ்.ஆர். நிறுவனம் ‘மான்ஸ்டர் மேனுவல்’ என்று கெட்டி அட்டையில் ஒரு புத்தகம் போட்டது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களுக்கான அரக்கர் அகராதி அது. அதில் நமக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார்: ராட்சசன். புலித்தலை, சீமான் வீட்டு அங்கி, புகைக்குழாய். மதகுரு மந்திரித்துக் கொடுத்த குறுக்குவில் அம்பு பட்டால் ஆள் காலி. எந்தப் புராணத்தில் இப்படி இருக்கிறது என்று தேட வேண்டாம். 1974-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ‘கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்’ என்ற தொடரில் ஒரு வாரம் ராட்சசன் வந்தான், அவனை ஒரு முதியவர் குறுக்குவில்லோடு தேடி அலைந்தார். அந்த வில்தான் விதிநூலுக்குள் ஏறிவிட்டது. நம்முடைய அரக்கன் டிவி வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்து, உயிர்ப்புள்ளிகள் கொடுக்கப்பட்டு, அகரவரிசையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். வாள் வீச்சு பட்டதா தவறியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளியிட்டார்கள். பாத்திரம் உருவாக்கும்போதே கேட்கப்படும் கேள்வி: நீ என்ன இனம்? மனிதனா, எல்ஃபா, குள்ளனா? ஆகவே எந்தப் பதிப்பைப் புரட்டினாலும் இரண்டு பட்டியல்கள் உண்டு. நாம் யாராக ஆடலாம் என்பது ஒன்று. யாரை வெட்டலாம் என்பது மற்றொன்று. ஐம்பது ஆண்டுகளாக இந்த ஆட்டத்தில் நடந்துவரும் திருத்தங்களில் பாதி, இரண்டாம் பட்டியலிலிருந்து முதல் பட்டியலுக்கு நடக்கும் குடிபெயர்வுதான். அந்தப் பாதிதான் இங்கே பேச்சு.

இந்த அரக்கர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதே ஒரு வேடிக்கை. ஹாங்காங்கில் செய்து மலிவுக்கடையில் பொட்டலமாக விற்ற பிளாஸ்டிக் பொம்மைகள் சில கைகாக்ஸின் மேசைக்கு வந்தன. டைனோசர் என்றும் சொல்ல முடியாத, வேறெந்த விலங்கு என்றும் சொல்ல முடியாத உருவங்கள். ஒன்று இரும்பைத் தின்னும் ‘ரஸ்ட் மான்ஸ்டர்’ ஆயிற்று. இன்னொன்று ஆந்தைத் தலைக்கரடி ஆயிற்று. வெட்ட வெட்டச் சதை கூடிக்கொள்ளும், தீக்கு அடங்கும் டிரோல், பால் ஆண்டர்சனின் ‘த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்’ நாவலிலிருந்து நேராக எடுத்தது. மூளையைத் தின்னும் மைண்ட் ஃபிளேயர், பிரையன் லம்லி நாவல் ஒன்றின் அட்டைப்படத்தைப் பார்த்ததில் பிறந்தது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுச் சமைத்த கதம்பம். இப்படிச் சேர்ந்த கூட்டத்துக்குப் பிற்காலத்தில் குலவரலாறும் அறநெறியும் எழுத வேண்டி வரும் என்று அன்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

முதல் பெரிய திருத்தத்துக்குக் காரணம் அறமும் இல்லை, கலையும் இல்லை, வழக்கு மிரட்டல். 1974 பதிப்பில் ஹாபிட், என்ட், பால்ராக் எல்லாம் டோல்கினின் நாவல்களில் உள்ள பெயர்களோடேயே உலவின. உரிமை வைத்திருந்தவர்கள் 1977-இல் ஆட்சேபித்ததும் ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆனார், என்ட் ‘ட்ரீயன்ட்’ ஆனது, பால்ராக் பெயரிழந்து ஆறாம் வகைப் பேய் ஆனது. ஆர்க் என்ற முரட்டு அரக்கர் இனத்தின் பெயர் மட்டும் தப்பியது. அந்தச் சொல் டோல்கினுக்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தது. 1977 புத்தகத்தின் ஓவியத்தில் அதற்குப் பன்றிமூக்கு.

விளையாடத் தகுந்த இனங்களுக்கும் அன்று சம உரிமை இருந்ததாக எண்ண வேண்டாம். மூலப் பதிப்பில் குள்ளர் போர்வீரனாக ஆறாம் நிலை வரைதான் உயரலாம்; ஹாபிட் நான்கு வரை. மனிதனுக்கு மட்டும் வானமே எல்லை. 1978-இல் வந்த ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ ஒரு படி மேலே போய், எந்த இனம் எந்த இனத்தை எப்படிப் பார்க்கும் என்று அட்டவணையே போட்டது: விருப்பம், நல்லெண்ணம், சகிப்பு, வெறுப்பு என்று கட்டம் கட்டமாக எழுத்துகள். குள்ளருக்கும் பாதி-ஆர்க்குக்கும் நேரான கட்டத்தில் பகை. பெண் பாத்திரத்தின் உடல்வலிமைக்கு ஆணைவிடக் குறைவான உச்சவரம்பு வைத்ததும் இதே புத்தகம்தான். இந்த அட்டவணையை முதன்முதலில் பார்த்தபோது பழைய ரெவின்யூ ஆபீஸ் பதிவேடு ஒன்றைப் புரட்டுவது போலிருந்தது எனக்கு.

ஆனால் கேள்வி மேசையில்தான் முதலில் எழுந்தது, நிறுவனத்தில் இல்லை. ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’ என்று கைகாக்ஸ் எழுதிய ஒரு சாகசம் எழுபதுகளின் இறுதியிலிருந்து தொடக்கநிலைப் பெட்டியோடு சேர்த்து விற்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஆடிய முதல் கதை அதுதான். அதில் குகைக்குகையாக கோபோல்டுகள், கோப்ளின்கள், ஆர்க்குகள். எத்தனை வீரர்கள் என்று எழுதிய அதே கையால் எத்தனை பெண்கள், எத்தனை குஞ்சுகள் என்றும் கைகாக்ஸ் எழுதிவைத்தார். சண்டை முடிந்தது, வீரர்கள் விழுந்தார்கள், மூலையில் சண்டையிடாத குட்டிகள். இப்போது என்ன செய்வது? பகடை இதற்கு விடை சொல்லாது. பதின்ம வயதுப் பையன்கள் இரவெல்லாம் வாதிட்டிருக்கிறார்கள். அரக்கருக்குக் குழந்தை உண்டு என்று எழுதிய கணமே ‘அரக்கர் பிறப்பிலேயே தீயவர்’ என்ற விதியில் விரிசல் விழுந்துவிட்டது என்பேன். பிந்தைய நாற்பது ஆண்டுகளின் திருத்தமெல்லாம் அந்த விரிசலைப் பூசுவதும் பெயர்ப்பதும்தான்.

1989-இன் இரண்டாம் பதிப்பு பூசியது. எண்பதுகளில் இந்த ஆட்டம் பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று அமெரிக்காவில் ஒரு பீதி. பதிப்பாளர்கள் பேய், சாத்தான் என்ற சொற்களையே எடுத்துவிட்டு ‘டனாரி’, ‘பாடெசு’ என்று புதுப்பெயர் சூட்டினார்கள். உருவமும் பல்லும் அப்படியே. பெயர்ப்பலகை மட்டும் மாறியது. பாதி-ஆர்க்கையும் அடிப்படை நூலிலிருந்து தூக்கினார்கள்.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பின் வேலை வேறு. அதற்குள் டி.எஸ்.ஆர். கைமாறி விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்திடம் போயிருந்தது. நிலை வரம்புகள் ஒழிந்தன. எந்த இனமும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்றாயிற்று. பாதி-ஆர்க் திரும்பி வந்தார், ஆனால் அறிவு, வசீகர மதிப்பெண்களில் கழித்தல் குறியோடு. ஆர்க்கின் பன்றிமூக்கு போய் முறுக்கேறிய உடம்பு வந்தது. நாய்முகக் கோபோல்ட் டிராகன் வம்சத்துப் பல்லியாயிற்று. ஒவ்வோர் அரக்கரின் குணத்துக்கு முன்னும் ‘எப்போதும்’, ‘பெரும்பாலும்’, ‘அடிக்கடி’ என்று ஓர் அடைச்சொல் சேர்ந்தது. அரைப் பரிகாரம்தான். என்றாலும் விதிவிலக்கு பிறக்கலாம் என்பதை விதிநூலே ஒப்புக்கொண்டது. 2003-இன் ‘சாவேஜ் ஸ்பீஷீஸ்’ நூல் ஏறக்குறைய எந்த அரக்கரையும் ஆட்டக்காரர் எடுத்து ஆட வழி செய்தது. கணக்கு போட்டு மாளாது என்பது வேறு விஷயம்.

நடுவில் இலக்கியம் செய்த வேலையைச் சொல்லாமல் விட முடியாது. டிரௌ என்பவர்கள் பூமிக்கடியில் வாழும் கரிய தோல் எல்ஃபுகள், சிலந்தித் தெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள், கொடியவர்கள். 1978-இன் ஒரு சாகசத்தில் எதிரிகளாக வந்தார்கள். பத்தே ஆண்டில், 1988-இல், ஆர்.ஏ. சால்வடோர் தன் ‘தி கிரிஸ்டல் ஷார்ட்’ நாவலில் டிரிஸ்ட் என்ற டிரௌவைத் துணைப்பாத்திரமாகக் கொண்டுவந்தார். துணைப்பாத்திரம் தலைவனை ஓரம்கட்டிவிட்டது. அவன் பெயரில் நாவல்கள் வரிசையாக வந்தன. அப்புறம் எந்த மேசைக்குப் போனாலும் தன் இனத்தை வெறுத்து வெளியேறிய ஒரு டிரௌ உட்கார்ந்திருந்தார். ஆனால் இதில் ஒரு கோணல். டிரிஸ்ட் நல்லவன் ஆவதற்கு அவன் இனம் முழுக்கக் கெட்டதாக இருந்தாக வேண்டும். ‘நீ மட்டும் வேற மாதிரிப்பா’ என்று சொல்லிப் பக்கத்தில் உட்காரவைக்கும் பாராட்டு எவ்வளவு புண்படுத்தும் என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

ஐந்தாம் பதிப்புக் காலத்தில்தான் சர்ச்சை வெளிப்படையாக வெடித்தது. 2016-இன் ‘வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்’ ஆர்க்கை ஆட அனுமதித்தது. அறிவில் இரண்டு கழித்து. எவ்வளவு பழக்கினாலும் ரத்தவெறி தோலுக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற பொருளில் ஒரு குறிப்பும் கொடுத்தது. கறுப்பின மக்களைப் பற்றி நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டதல்லவா இது என்று வாசகர்கள் கேட்டார்கள். 2020 ஜூன் மாதம், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு எதிரான போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தபோது, நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது: ஆர்க்கையும் டிரௌவையும் சித்திரித்த விதம், நிஜ மனிதக் குழுக்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை நினைவூட்டுகிறது என்று ஒப்புக்கொண்டது. கழித்தல் குறிகள் நீங்கின. அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன்’ நூல், பிறப்பால் வரும் மதிப்பெண்களை ஆட்டக்காரர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்றது. இவ்வளவுக்கும் பிறகு 2022-இல் ஹடோசீ என்ற குரங்கு முக இனத்துக்கு, அடிமையாக விற்பதற்காக ஒரு மந்திரவாதி பிடித்து மாற்றியமைத்தான் என்று வரலாறு எழுதி அச்சடித்து, ஒரே மாதத்தில் மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள். அறிக்கை எழுதுவது சுலபம். கதை எழுதும் கையின் பழக்கம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

2024 ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ பத்து இனங்களைத் தருகிறது. ஆர்க் அதில் ஒன்று. மதிப்பெண் கூடுதல் இப்போது பிறப்போடு ஒட்டவில்லை, வளர்ந்த பின்னணியோடு ஒட்டுகிறது. இந்த மாற்றத்தை இரண்டு கையாலும் வரவேற்கிறேன். ‘ரேஸ்’ என்ற சொல்லையும் எடுத்துவிட்டு ‘ஸ்பீஷீஸ்’ என்று வைத்தார்கள். தமிழில் இதைச் சொல்லப் போனால் சிரிப்புதான் வருகிறது: அதற்கும் இனம், இதற்கும் இனம். உயிரியல் பாடநூலைக் கேட்டால் ‘சிற்றினம்’ என்று இன்னும் ஒரு படி கீழே இறக்கும். போதாக்குறைக்கு ‘இனத்தார்’ என்றால் நமக்கு உறவினர். பாதி-ஆர்க்கும் பாதி-எல்ஃபும் இந்நூலில் இல்லை. கலப்பில் பிறந்த ஆட்டக்காரர்கள் சிலர் தங்களைக் கண்டுகொண்டதே அந்தப் பாத்திரங்களில்தான். அவர்களுக்கு இது இழப்பு. 2025 ‘மான்ஸ்டர் மேனுவ’லில் ஆர்க்குக்குத் தனிப்பக்கமே கிடையாது. கோப்ளின் இப்போது தேவதை வகை. முன்பு வெறுக்கத் தக்கதாகவாவது ஒரு கதை இருந்தது. பல இடங்களில் கதை இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அழிப்பதைத் திருத்தம் என்று நான் ஏற்கமாட்டேன்.

தமிழ் வாசகருக்கு வேறு மாதிரித் திருத்தம் பழக்கம். புலவர் குழந்தை ‘இராவண காவிய’த்தை 1946-இல் வெளியிட்டபோது, இராவணனின் குறைகளை அடித்துவிட்டு வெற்றிடம் விடவில்லை, அவனுக்கு நாடும் மொழியும் வாதமும் கொடுத்து எழுதினார். அதனால்தான் 1948-இல் அரசு அதைத் தடைசெய்தது; தடை நீங்க 1971 வரை ஆயிற்று. வெற்றிடத்தை யாரும் தடைசெய்யமாட்டார்கள்.

இந்த ஆட்டத்துக்குள்ளேயே அப்படி எழுதியவர் உண்டு. 2002-இல் விசார்ட்ஸ் நிறுவனம் புதிய கதையுலகம் கேட்டு நடத்திய தேடலில் 11,000-க்கும் மேற்பட்டவை குவிந்தன. கீத் பேக்கரின் ‘எபெரான்’ தேர்வாகி 2004-இல் நூலாயிற்று. அதில் கோப்ளின்கள் மனிதர் வருமுன்பே பேரரசு கட்டி ஆண்டு இழந்தவர்கள்; நகரங்களின் அடித்தளக் கற்கள் அவர்கள் வைத்தவை. ஆர்க்குகள் ஒரு டிராகனிடம் இயற்கை வித்தை கற்று, வேற்றுலகப் படையெடுப்பின் வாசலை அடைத்த காவலர்கள். அந்த உதவியை உலகம் மறந்துவிட்டது. யாரும் எதையும் அழிக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அதிகாரபூர்வ அறிக்கைக்குப் பதினாறு ஆண்டு முன்பே விஷயம் முடிந்திருந்தது. நூல் கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது.

ராட்சசனுக்கு மட்டும் அங்கும் விமோசனம் இல்லை. எபெரானில் அவர்கள் திரைமறைவில் உலகைச் சூழும் ஆதிப் பேய்கள். 2025 நூலிலும் புலித்தலையோடு அரக்கர் பக்கத்தில்தான் இருக்கிறான். 2024 நூலின் பத்துப் பெயரில் அவன் பெயர் இல்லை.