மெரியன்: பலசாலிகள் தடுமாறும் குறுகிய மைதானம்

பந்தை எவ்வளவு தொலைவு அடிக்க முடிகிறது என்பதே இன்றைய கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அளவுகோலாகிவிட்டது. அந்த அளவுகோல் செல்லாத இடங்களில் முதன்மையானது, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரை ஒட்டிய ஆர்ட்மோரில் அமைந்துள்ள மெரியன் கோல்ஃப் கழகத்தின் கிழக்கு மைதானம். கடலோர மணல்மேடுகளில் காற்றோடு போராடி ஆடும் ‘லிங்க்ஸ்’ வகைக்கு மாறாக, உள்நாட்டில் புல்வெளி, மரங்கள், ஓடைகள் சூழ அமையும் ‘பார்க்லேண்ட்’ எனப்படும் பூங்கா வகையைச் சேர்ந்த இந்த மைதானம், உறுப்பினர்களும் அவர்களுடைய விருந்தினர்களும் மட்டுமே ஆடக்கூடிய தனியார் சொத்து. இதை வடிவமைத்த ஹியூ வில்சன் அதற்கு முன் ஒரு மைதானத்தையும் அமைத்தறியாதவர், காப்பீட்டுத் தொழிலில் இருந்தவர். ஆயினும் 1912-ல் திறக்கப்பட்ட அவருடைய ஆக்கம், தொழில்முறை வடிவமைப்பாளர் பலரின் படைப்புகளைவிட நுட்பமானது.

அந்த நுட்பம் குழிகளின் வரிசையிலேயே தொடங்குகிறது. ஒரு குழியை முடிக்கத் தேர்ந்த ஆட்டக்காரருக்குத் தேவையென வகுக்கப்பட்ட அடிகளின் எண்ணிக்கை ‘பார்’ எனப்படும். ஐந்து அடிகள் வகுக்கப்பட்ட நீண்ட குழிகளில்தான் வலிமையுள்ளவர்கள் எளிதில் ஓர் அடியை மிச்சப்படுத்துவார்கள். மெரியனில் அத்தகைய குழிகள் இரண்டாவதும் நான்காவதும் மட்டுமே என்பதால், நான்காவதுக்குப் பின் எஞ்சிய 14 குழிகளில் அந்த வாய்ப்பு ஒருமுறைகூட வருவதில்லை. ஏழாவது முதல் பதின்மூன்றாவது வரையிலான பகுதியில், ஒன்பதாவது நீங்கலாக, குறுகிய குழிகளே வருவதால் அங்கு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள முடியும்; அங்கு தவறவிட்டவர், பதினான்காவதில் தொடங்கும் கடினமான இறுதிக் கட்டத்தில் அதை ஈடுகட்டுவது அரிது.

2013-ஆம் ஆண்டின் அமெரிக்க ஓப்பன் போட்டி இதற்குத் தெளிவான சான்று. மொத்த நீளம் ஏழாயிரம் கெஜத்துக்குச் சற்றுக் குறைவு, போதாக்குறைக்கு மழையால் தரை மென்மையாகியிருந்தது. எனவே எண்ணிக்கைகள் வெகுவாகச் சரியும் எனப் பலரும் எதிர்பார்த்தனர். நான்கு நாள் முடிவில் பாருக்குக் கீழே ஒருவரும் இல்லை. பாரைவிட ஓர் அடி மட்டும் கூடுதலாக, 281 அடிகளில் ஜஸ்டின் ரோஸ் வென்றார். நெடுந்தொலைவு அடிக்க உதவும் டிரைவர் மட்டையைப் பையிலிருந்தே நீக்கிவிட்டு, குறுந்தொலைவில் பந்தை உயர எழுப்பும் ‘வெட்ஜ்’ மட்டைகள் ஐந்தைச் சுமந்துவந்த ஃபில் மிக்கெல்சன், மைதானத்தை மிகச் சரியாகவே கணித்திருந்தார். இறுதிச் சுற்றின் பத்தாவது குழியில் வெட்ஜால் அடித்த பந்து நேரே குழிக்குள் விழுந்தபோது அந்தக் கணிப்பு பலித்ததாகவே தோன்றியது. ஆனால் 100 கெஜத்தைச் சற்றே தாண்டிய பதின்மூன்றாவது குழியில் பந்து கிரீன் எனப்படும், குழியைச் சுற்றிய வழுவழுப்பான புல்தளத்தைக் கடந்துபோக, பதினைந்தாவதிலும் வெட்ஜ் அடி பிசகியது. இரண்டிலும் ஓர் அடி கூடிப்போய், இரண்டு அடி வித்தியாசத்தில் பட்டம் நழுவியது.

குறுந்தொலைவிலேயே இவ்வாறு கணக்குத் தவறுவதற்குக் காரணங்கள் உண்டு. மெரியனில் குழியின் இடத்தைக் காட்டக் கொடிகள் இல்லை, கம்பின் உச்சியில் பிரம்புக் கூடைகளே பொருத்தப்பட்டிருக்கின்றன. கொடி அசைந்தால் கிரீனில் வீசும் காற்றின் திசை தெரியும், கூடையோ எதையும் சொல்வதில்லை. கிரீன்கள் பலவும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், குழியை நெருங்குவதைவிடக் குழிக்குக் கீழ்ப்புறம் பந்தை நிறுத்துவதே முதன்மையாகிறது. மேற்புறம் நின்றுவிட்ட பந்தை மெல்லத் தட்டினாலும் அது நில்லாமல் உருண்டோடும். அந்தக் கீழ்ப்புறத்தை எட்ட வசதியான கோணமோ, ‘ஃபேர்வே’ எனப்படும் சீராக வெட்டப்பட்ட புல்பாதையின் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே கிடைக்கும். எனவே முதல் அடியை அடிக்கும்போதே மூன்றாவது அடியைப் பற்றி முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

இத்தகைய முன்யோசனையை வாழ்நாள் ஒழுக்கமாகக் கொண்டிருந்த பென் ஹோகன் 1950-ல் இங்கு வென்றது தற்செயலன்று. கார் விபத்தில் உயிர்தப்பி 16 மாதங்களே ஆகியிருந்த நிலையில், ஒரே நாளில் 36 குழிகள் ஆடிய களைப்போடு, கடைசிக் குழியில் 1-அயர்ன் என்னும் மிகக் கடினமான மட்டையால் பந்தைக் கிரீனில் சேர்த்துச் சமன்செய்தார்; மறுநாள் நடந்த கூடுதல் சுற்றை 69 அடிகளில் முடித்து லாயிட் மாங்ரம், ஜார்ஜ் ஃபாசியோ இருவரையும் வென்றார். அந்த அடியின் நினைவாகப் பதிக்கப்பட்ட கல்லுக்கு அருகிலிருந்துதான் 2013-ல் ரோஸும் தம் வெற்றியை உறுதிசெய்த அடியை 4-அயர்ன் மட்டையால் அடித்தார். 1971-ன் கூடுதல் சுற்றிலோ, அக்காலத்தின் பெரும் பலசாலியான ஜாக் நிக்லஸ் இரண்டாவது, மூன்றாவது குழிகளில் மணற்பள்ளங்களிலிருந்து முதல் முயற்சியில் வெளியேற இயலாமல் திணற, பந்தை நேராக அடிப்பதில் கைதேர்ந்த லீ டிரெவினோ 68-க்கு 71 என வென்றார்.

ஆயினும் 2013-ல் மைதானத்தைத் தயாரித்த விதத்தில் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபேர்வேக்களை ஒடுக்கி, அவற்றின் இருபுறமும் ‘ரஃப்’ எனப்படும் அடர்புல்லை உயரமாக வளர்த்ததால், எந்தப் பக்கத்திலிருந்து கிரீனை அணுகுவது என்ற தேர்வே பல குழிகளில் ஆட்டக்காரரிடமிருந்து பறிபோயிற்று. வில்சனின் மைதானத்துக்கு அந்தக் காவல் தேவையில்லை. சாய்வுகளும் கோணங்களுமே அதற்குப் போதும் என்பதற்கு, 1981-ன் இறுதிச் சுற்றில் ஏறத்தாழ எல்லாக் கிரீன்களையும் உரிய அடியில் எட்டி, 67 அடிகளில் முடித்துப் பட்டம் வென்ற ஆஸ்திரேலியரான டேவிட் கிரஹாமின் ஆட்டமே சான்று. பாபி ஜோன்ஸ் ஓராண்டின் நான்கு பெரும் பட்டங்களையும் இங்கே நிறைவுசெய்தது 1930-ல். அதன் நூற்றாண்டையொட்டி அமெரிக்க ஓப்பன் 2030-ல் மீண்டும் மெரியனுக்கு வரவிருக்கிறது. அப்போது ரஃபின் உயரத்தைக் கூட்டுவதற்கு முன்பாக, ஃபேர்வேக்களுக்கு அவற்றின் பழைய அகலத்தைப் போட்டியை நடத்துவோர் திருப்பித் தர வேண்டும்.