திரும்பிப் பார்க்கவைக்கும் கோபுரம்

ஜப்பானின் நாகானோ மாநிலத்தில், அவோகி என்ற மலைக்கிராமத்துச் சரிவில் நிற்கிறது தைஹோஜி கோயிலின் மூன்றடுக்கு மரக்கோபுரம். 1333இல் எழுந்தது, இன்று தேசியப் பொக்கிஷம். விடைபெற்றுப் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதால் ‘திரும்பிப் பார்க்கும் கோபுரம்’ என்றே பெயராகிவிட்டது.

அழகின் சூட்சுமம் அடித்தளத்தில் இருக்கிறது. மேலிரண்டு அடுக்குகளில் கூரையைத் தாங்கும் மரத்தாங்கிகள் மும்மடிப்பாக வெளியே நீள்கின்றன, கீழடுக்கில் இருமடிப்புதான். தாங்கியைக் குறைத்து, கீழடுக்கின் உடலை அகலமாக்கிவிட்டார்கள் தச்சர்கள். அதனால் கோபுரம் சம்மணமிட்டு அமர்ந்ததுபோல் நிதானம் கொள்கிறது. சைப்ரஸ் மரப்பட்டை வேய்ந்த கூரைகளின் ஓரங்களோ மெல்ல மேல்நோக்கி வளைகின்றன.

பின்னாலுள்ள மேட்டில் ஏறினால் கூரைகளையும் எதிரே விரியும் மலைகளையும் ஒரே பார்வையில் காணலாம். கோபுரத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் அவசியம் ஏற வேண்டிய மேடு அது.