மனையியல்: யாருடைய மனை?

மனையியல் பாடத்தைப் பற்றி ஒரு இலக்கியப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். பொம்பளப் பிள்ளைங்களுக்குச் சோறாக்கச் சொல்லிக் கொடுக்கிற பாடம், அதுல இன்னா அரசியல் என்றார். அவர் வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அது கிடக்கட்டும்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படித்தவள் நான். வேகவதி ஆற்றுக்கு அந்தாண்டை இருந்த சேரியிலிருந்து நடந்தே வருவேன். என்னோடு ஐந்தாவது வரை படித்த பெண்களில் பலர் அப்போது முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார்கள். காஞ்சிபுரம் பட்டுத் தொழிலில் கொத்தடிமையாக இருக்கும் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003ல் அறிக்கை வெளியிட்டது. எங்கள் தெருவுக்கு அது பழைய சேதி. நான் தப்பியதற்கு எங்க அம்மாவின் பிடிவாதம் காரணம். அறிவியல் குரூப் கேட்டேன். இடமில்லை, மனையியல் எடுத்துக்கோ, உனக்கு அது உதவும் என்றார்கள்.

பாடத்தில் முதலில் வந்தது சமையலறை அமைப்பு. ஒற்றைச் சுவர் அமைப்பு, எல் வடிவம், யூ வடிவம். அடுப்பு, தொட்டி, குளிர்சாதனப் பெட்டி மூன்றுக்கும் இடையே ஒரு முக்கோணம் போட்டு, இல்லத்தரசி எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கிட வேண்டும். எங்கள் வீட்டில் சமையலறை கிடையாது. தாழ்வாரத்தில் மூணு கல்லு. தண்ணிக் குழாய் தெருமுனையில். அந்த முக்கோணத்தை எப்படிப் போடுவதென்று தெரியாமல் பக்கத்து சீட்டுப் பெண்ணின் வீட்டைப் பார்த்து வரைந்தேன். பிறகு நேர மேலாண்மை. இல்லத்தரசியின் ஒரு நாள் அட்டவணை எழுதச் சொன்னார்கள். மாதிரி அட்டவணையில் மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை ஓய்வு என்று இருந்தது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஆருடி அந்த மகராசி?" என்று கேட்டுச் சிரித்தாள். காலை ஆறு மணிக்குக் கழனிக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள்.

இந்தப் பாடம் இப்படித்தான் பிறந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். இதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் எல்லன் ரிச்சர்ட்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குடிநீரைச் சோதித்தவர், உணவுக் கலப்படத்தை ஆராய்ந்தவர். 1899ல் லேக் பிளாசிட் என்ற ஊரில் கூடிய மாநாட்டில் அவர்தான் தலைமை. அதாவது கழிவுநீர், குடிநீர், கலப்படம், காற்று, இவை இதன் தொடக்கப் பிரச்சினைகள். சேரிக்கு வேண்டியதும் அதுதானே. இந்தியாவில் 1932ல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி தொடங்கப்பட்டது. கல்லூரியிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்து சேர்வதற்குள் அது மேல்சாதி மருமகளைத் தயார் செய்யும் பாடமாகிவிட்டது. குடிநீர் பின்னால் போய், கோலமும் மேஜை அலங்காரமும் முன்னால் வந்துவிட்டன.

நான் சொல்ல வந்த விஷயம் உணவு பதப்படுத்துதல் பாடத்தில் இருக்கிறது. பொருளில் உள்ள நீரை எடுத்துவிட்டால் நுண்ணுயிர் வளராது, உப்பு சேர்த்தால் இன்னும் வளராது என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது எங்க அம்மா செய்யறதாச்சே! மாட்டுக்கறியை நாடா மாதிரி நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் போட்டுக் காயவைப்பாள். காக்காய் விரட்ட என்னை உட்கார வைப்பாள். சாயங்காலம் எடுத்து உள்ளே வைத்து, மறுநாள் மறுபடி வெயில். ஒடித்தால் சுள்ளி மாதிரி ஒடிய வேண்டும். அப்புறம் பானையில் போட்டு வேடு கட்டிவிட்டால் ஐப்பசி அடைமழைக்கு, வேலை இல்லாத நாளுக்கு, கத்திரிக்காய் போட்டு ஒரு உப்புக்கண்டக் குழம்பு. இதைவிட ஒரு செய்முறை வகுப்பு உண்டா? எழுந்து சொன்னேன். வகுப்பு அமைதியானது. முன் பெஞ்சில் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். டீச்சர், "வடகம், அப்பளம்னு எழுதிக்கோம்மா, போதும்" என்றார். செய்முறையில் நாங்கள் கலப்புப் பழ ஜாம் செய்தோம். அந்த ஜாமை எங்கள் தெருவில் ஒருவரும் தின்றதில்லை.

அடுத்து, குறைந்த வருவாய்க் குடும்பத்துக்கு ஒரு நாள் உணவுத் திட்டம். இதாவது நமக்குத் தெரிந்தது என்று கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை, மாட்டுக்கறிக் குழம்பு என்று ரெக்கார்டில் எழுதினேன். சிவப்பு மையில் குறுக்குக்கோடு. பக்கத்தைக் கிழித்துவிட்டு இட்லி, சாம்பார், பீன்ஸ் பொரியல், மோர் என்று எழுதச் சொன்னார்கள். ராஜாஜி மார்க்கெட்டில் பீன்ஸ் விற்ற விலையில் அது எந்த ஏழையின் திட்டம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. டீச்சர் கெட்டவரும் இல்லை. எனக்கு ரெக்கார்டு நோட்டு வாங்கக் காசு கொடுத்தவரே அவர்தான். "எக்ஸ்டெர்னல் வர்றாங்கம்மா, மார்க் போயிடும்" என்றார். உண்மையிலேயே என் மார்க்குக்காகப் பயந்தார். அந்தப் பயம்தான் நம் ஆய்வுக்குரியது.

ஏனென்றால் அறிவியல் எங்கள் பக்கம் இருந்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கோபாலன் முதலானோர் 1971ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைக் கல்லூரியில்தான் பார்த்தேன். 100 கிராம் மாட்டுக்கறியில் புரதம் 22.6 கிராம், ஆட்டுக்கறியில் 18.5. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 344 மில்லிகிராம், தீட்டிய பச்சரிசியில் 10. இந்த எண்கள் அச்சாகிப் பல வருஷம் கழித்துத்தான் என் பக்கம் கிழிக்கப்பட்டது. எண்ணில் இருக்கும் கறி சமையல் வகுப்பில் காணாமல் போகிறதென்றால் இடையில் அதை எடுத்தது யார்?

சமையல் புத்தகங்களையும் இங்கே பார்க்க வேண்டும். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951ல் வந்தது. அளவு சொல்லி, படி சொல்லி, ஒரு தலைமுறைப் பெண்களுக்குத் துணையாக இருந்த புத்தகம். அதன் ஒழுங்கை நான் மதிக்கிறேன். அது தன்னை ஒரு பிராமண வீட்டு அடுப்பு என்று மறைக்கவும் இல்லை. தவறு, அந்த அடுப்பைத் 'தமிழர் சமையல்' என்று பொதுவாக்கியவர்களுடையது. எங்கள் வகுப்பில் வட்டார உணவு என்றால் காஞ்சிபுரம் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைத்து வரதராஜப் பெருமாளுக்குப் படைப்பது. நல்ல இட்லிதான். ஆனால் 1947ல் ஆலய நுழைவுச் சட்டம் வரும்வரை கோயில் வாசலையே தாண்ட முடியாத எங்க ஆயாவுக்கு அது எப்படி வட்டார உணவாகும்?

பள்ளியும் பந்தியும் சேர்ந்த சண்டை காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. காங்கிரஸ் பணத்தில் நடந்த வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சோறு போட்டதுதான் பெரியாரைக் கொதிக்க வைத்தது. அந்தக் கொதிப்போடுதான் 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானம் மறுக்கப்பட்டு அவர் வெளியேறினார். அந்த வரலாற்றை நாம் கொண்டாடுகிறோம், சரி. ஆனால் அது யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற சண்டை. யார் சமைப்பது, எதைச் சமைப்பது என்ற கேள்விக்கு அந்தப் பந்தி வரவில்லை. வராமல் போனதன் விளைவை 2018ல் பார்த்தோம். திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று பெற்றோர் திரண்டார்கள். அரிசி சர்க்கார் அரிசி, பருப்பு சர்க்கார் பருப்பு, கைதான் தீட்டு.

மராத்தியில் சாகு பட்டோலே 2015ல் மராத்வாடாவின் மகர், மாங் மக்களுடைய சமையலை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். 2024ல் அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. நம் தன்வரலாறுகளில் பசி நிறைய இருக்கிறது. செய்முறை குறைவு. பசியை எழுதினால் பரிதாபப்படுகிறார்கள். செய்முறையை எழுதினால் அளவு கேட்பார்கள், சந்தேகம் கேட்பார்கள், உப்பு அதிகம் என்று சண்டைக்கு வருவார்கள். எனக்கு இரண்டாவது வகை வாசகர்கள்தான் வேண்டும்.

எங்கள் தெருவில் இப்போது கண்டம் போடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருத்தி எங்க பெரியம்மா. ஒரு கிலோ கறிக்கு எவ்வளவு உப்பு பெரியம்மா என்று கேட்டால் கையைக் குவித்துக் காட்டுகிறாள். "இன்னாம்மா அளவு, கைக்குத் தெரியாதா?" என்கிறாள். போன வாரம் தராசு எடுத்துப் போனேன். மூன்று தடவை அள்ளினாள், மூன்றும் வேறு வேறு எடை. கறி ஈரமாக இருந்தால் ஒரு அளவு, மேகம் போட்டிருந்தால் ஒரு அளவு என்று இப்போதுதான் சொல்கிறாள். வெயில் முடிவதற்குள் இன்னொரு முறை போக வேண்டும்.