பேதைமையும் நகையும்: 'மிஸ்டர் பீன்' தொடர் பற்றி ஒரு நோக்கு

நகை என்னும் மெய்ப்பாடு பிறத்தற்குரிய நிலைக்களன்களுள் பேதைமையையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். அப்பேதைமையையே முதலாகக் கொண்டு எழுந்தது 'மிஸ்டர் பீன்' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர். 1990 சனவரி முதலாம் நாள் தொடங்கி 1995 வரை பிரித்தானியாவில் ஒளிபரப்பாகிய இதில், றொவன் அற்கின்சன் நாயகனாக நடித்தார். பேச்சு மிகச் சிறிதே; சாப்ளின், கீற்றன் ஆகியோரின் ஊமைப் படங்களிற் போல முகமும் உடலுமே கதையை நடத்துகின்றன.

பீன் ஒரு கனவுலகவாசி. எனினும் அவன் கனவு பொருளையோ புகழையோ நாடுவதன்று. பூங்கா வாங்கில் அமர்ந்து மதிய உணவு ஆக்குங் காட்சியை நோக்குக. பாணை வெட்டக் கத்தரிக்கோல். வெண்ணெய் பூச வங்கி அட்டை. கழுவிய சலாது இலையின் நீரை உதறக் காலுறை. தேநீருக்குச் சுடுநீர்ப் பை. வேள்வி இயற்றுவான் போன்ற கருத்தூன்றலோடு அவன் இவற்றைச் செய்கின்றான். ஒரு தும்மலில் அனைத்தும் பாழாகின்றன. அருகிருந்தவர் தம் உணவிற் பாதியை அவனுக்கு ஈகின்றார்.

'குழந்தையுள்ளம் படைத்தவன், ஆதலின் தீங்கற்றவன்' என்று இவனைப் பாராட்டுவோர் பலர். எனக்கு அஃது உடன்பாடன்று. 1992 இல் வெளிவந்த நத்தார்ப் பகுதியே இதற்குச் சான்று. பீன் வாழ்த்து மடல்களைத் தானே எழுதித் தன் வீட்டுக் கதவின் வழியே தனக்கே இடுகின்றான். நகைக்கடைக் கண்ணாடியினுள் இருக்கும் மோதிரத்தை அவன் தோழி இர்மா சுட்டிக் காட்டுகின்றாள். அவன் கண்ணுக்கோ மோதிரத்தின் பின்னிருந்த விளம்பரப் படமே புலனாகின்றது. அப்படத்தையே பரிசாகக் கொடுக்கின்றான். அவள் முகம் வாடக் கண்டு ஒரு சிறு பெட்டியையும் நீட்டுகின்றான். மோதிரமென்று மகிழ்ந்து திறக்கின்றாள். உள்ளே இருப்பது படத்தை மாட்டுதற்குரிய கொளுக்கி!

'சிற்றி லைற்ஸ்' (1931) படத்திற் சாப்ளினின் நாடோடியும் கனவு காண்பவனே. ஆனால் அவன் கனவு, கண்ணிழந்த பூக்காரி ஒருத்தியின் பார்வை பற்றியது. பீனின் கனவிற் பிறர்க்கு இடமில்லை. அவன் கொடியவனல்லன், அருகிருப்பவளைக் காணாதவன். இவ்வேறுபாட்டை மறைக்காமற் காட்டியமையே இப்பகுதியின் சிறப்பு.

ஒரு குறை மட்டும் உண்டு. தொடர் முழுவதும் உடன்வரும் பார்வையாளர் சிரிப்பொலி, நாம் எவ்விடத்து நகைத்தல் வேண்டும் என்பதை நமக்கு முன்னரே முடிவு செய்துவிடுகின்றது. பெட்டி திறக்கப்பட்ட பின்னராயினும் அவ்வொலி அடங்கியிருக்கலாம். இர்மா அழுதுகொண்டு வெளியேறுகின்றாள். பீனுக்குக் காரணம் விளங்கவில்லை.