கார்ட்டிசால் அளவு மாட்டின் நலத்தைச் சொல்லிவிடுமா?

கட்டுமாவடியில் மாடு வளர்ப்பவர் தம் பசுவின் நலத்தை எப்படி அறிகிறார்? தீவனம் தின்கிறதா, அசைபோடுகிறதா என்று பார்க்கிறார். அறிவியலோ இரத்தம், பால், சாணம் ஆகியவற்றிலுள்ள சில மூலக்கூறுகளைக் கொண்டு அதை அறிய முயல்கிறது. இவற்றைச் சுட்டு மூலக்கூறுகள் எனலாம். முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால், ஓர் எண் கிடைத்ததும் முழு உண்மையும் கிடைத்துவிட்டதாக எண்ணும் போக்கு ஏற்கத்தக்கதன்று.

கார்ட்டிசாலை எடுத்துக்கொள்வோம். அட்ரினல் சுரப்பியில் தோன்றும் இந்த ஹார்மோன், விலங்குக்கு நெருக்கடி நேரும்போது இரத்தத்தில் கூடுகிறது. எனவே 'கார்ட்டிசால் கூடினால் விலங்கு துன்புறுகிறது' என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். ஓடும்போதும் இணைசேரும்போதும்கூட அது கூடும். மாறாக, நெடுநாள் துன்பத்தில் உழலும் விலங்கிடம் அதன் அளவு இயல்பாகவே இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிதளவு நீரில் வெப்பநிலைமானியை இட்டால், நீரின் வெப்பநிலையே சற்று மாறிவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். மாட்டைப் பிடித்துக் கட்டி ஊசி குத்தினால், சில நிமிடங்களிலேயே கார்ட்டிசால் ஏறிவிடுகிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் சாணத்தை நாடுகின்றனர். அது ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரத்துக்கு முந்தைய நிலையைக் காட்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. சல்லிக்கட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் தடை செய்தது. 2017இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. 2023இல் நீதிமன்றம் அதை ஏற்றது. வாடிவாசலைத் தாண்டிய காளையின் கார்ட்டிசால் அளவை மட்டும் காட்டி எத்தரப்பினர் வாதிட்டாலும் அது போதிய சான்றாகாது. ஓட்டத்தின் பங்கு எவ்வளவு, அச்சத்தின் பங்கு எவ்வளவு என்பதை அந்த எண் பிரித்துச் சொல்லாது.

கேள்வி தெளிவாக இருந்தால் மூலக்கூறும் தெளிவான விடை தரும். 1957இல் அமெரிக்காவில் வெளியான கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையைப் பாருங்கள். மடியில் அழற்சி இருந்தால் பாலில் வெள்ளணுக்கள் மிகும். பாலுடன் கலக்கும் சலவைக் கரைசல் அவற்றை உடைக்கிறது, வெளிப்படும் டி.என்.ஏ. கலவையைக் கூழாக்குகிறது. பால் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், மறைந்திருக்கும் அழற்சியைத் தொழுவத்திலேயே சில நொடிகளில் கண்டுகொள்ளலாம்.

ஆகவே, புதிய சோதனை பற்றிப் படிக்கும்போது இரண்டைக் கேளுங்கள்: அது எந்தக் கேள்விக்கு விடை தருகிறது? அந்த விடை கட்டுமாவடித் தொழுவத்தில் பசு நோயில் விழுமுன் கிடைக்குமா? இரண்டுக்கும் மறுமொழி இல்லையென்றால், அச்சோதனை ஆய்வுக்கூடத்துக்குப் பயன்படலாம். பசுவுக்கு இன்னும் பயன்படவில்லை.