முன்கதைச் சுருக்கம் எங்கே தோற்கிறது

வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு ‘முன்கதைச் சுருக்கம்’ என்ற சிறு கட்டம் நினைவிருக்கும். முப்பதாவது வாரத்தில் முதன்முறையாக இதழை வாங்கியவரும் பத்து வரியில் கதையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பத்து, இருபது ஆண்டுகளாக முடியாமல் ஓடும் கதைக்கு அந்தக் கட்டத்தை எப்படி எழுதுவது? நம் பிள்ளைகள் கணினியில் ஆடும் நெடுங்கால இணைய விளையாட்டுகளின் முன்னுள்ள கேள்வி இதுதான். இலக்கிய வாசகர் ஒதுக்கிவிடக் கூடாத கேள்வி என்பது என் எண்ணம்.

இவ்விளையாட்டுகளில் பல்லாயிரம் பேர் ஒரே கற்பனை உலகில் ஒரே நேரத்தில் உலவுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பாகம் வெளியாகிறது. கதை மேலே நகர்கிறது. இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்றான ‘அல்டிமா ஆன்லைன்’ இதே டெக்சஸில், ஆஸ்டின் நகரின் ஒரிஜின் நிறுவனத்திலிருந்து 1997-இல் வந்தது. அதில் ஆடுபவர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்டதே பெரும்பாலும் கதை. பிந்தி வந்தவருக்கு இழப்பு அதிகமில்லை. எழுதப்பட்ட பெருங்கதை நடுவே வந்த பிறகுதான், தாமதமாக வருபவர் ஒரு பிரச்சினை ஆனார்.

2004-இல் தொடங்கிய ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இதில் தடுமாறியது. 2010-இல் ஒரு பேரழிவைக் கதையாக்கி, பழைய இரு கண்டங்களையும் மாற்றி அமைத்தார்கள். ஆனால் 2007, 2008-இல் சேர்த்த நிலங்கள் பழைய காலத்திலேயே நின்றுவிட்டன. புதிதாக வந்தவர் பேரழிவுக்குப் பிந்தைய ஊர்களில் வளர்ந்து, அடுத்து அதற்கு முந்தைய போருக்குள் நுழைந்து, மறுபடி முன்னே தாவ வேண்டியிருந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. 2020-இல் புதியவர்களுக்கென்றே தனித் தீவு ஒன்றை உருவாக்கினார்கள். அது ஆடக் கற்றுத்தருகிறது. பிறகு அண்மைக்கால அத்தியாயம் ஒன்றுக்கு அனுப்பிவைக்கிறது. நல்ல வரவேற்பறைதான், ஆனால் வீட்டின் வரலாறு அங்கே இல்லை. ‘டெஸ்டினி 2’ இன்னும் கடுமையான வழியை எடுத்தது. 2017-இல் தன் தொடக்கக் கதையாக இருந்ததையே 2020 நவம்பரில் விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டது. நாவலின் முதல் பாகத்தைக் கிழித்துவிட்டு இரண்டாம் பாகத்தை விற்பது போன்றது இது.

ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ வேறு வழியில் போகிறது. 2010-இல் வெளியாகி மோசமாகத் தோற்ற விளையாட்டு அது. பொறுப்பேற்ற நவோகி யோஷிடா, தோல்வியைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தார். 2012 நவம்பரில் வானிலிருந்து ஒரு சிறு நிலவு விழுந்து அந்த உலகம் அழிந்தது; விளையாட்டும் மூடப்பட்டது. 2013 ஆகஸ்டில் மறுபடி திறந்தபோது, கதைப்படி ஐந்தாண்டுகள் கடந்திருந்தன. அழிவின்போது போரிட்ட வீரர்களை மக்கள் போற்றுகிறார்கள். ஆனால் அவர்களது முகங்களை நினைவுகூர முயன்றால் கண் கூசும் ஒளி மட்டுமே தெரிகிறது. அந்த முகமற்ற வீரர்கள் பழைய விளையாட்டின் ஆட்டக்காரர்கள். முன்பே இருந்தவருக்கு மரியாதை கிடைக்கிறது, புதிதாக வந்தவருக்குத் தாழ்வு இல்லை. இருவரையும் ஒரே வாசலில் நிறுத்த இதைவிட நயமான வழியை நான் கண்டதில்லை.

அந்த வாசலும் நமக்குப் பழக்கமானதுதான். ஆட்டம் தொடங்கும்போது நீங்கள் வண்டியிலோ கப்பலிலோ ஒரு நகரத்துக்கு வந்து சேரும் வழிப்போக்கர். உடன் வரும் வியாபாரி பேச்சுக் கொடுக்கிறார். 1950-இல் கல்கி ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கியபோது செய்தது நினைவுக்கு வருகிறது. சோழ அரசுரிமைச் சிக்கல் முற்றிக்கிடக்கும் நேரத்தில், ஆடிப்பெருக்கு நாளில், வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் கேட்கக் கேட்க நமக்கும் தெரிகிறது. தெருக்கூத்தில் திரைக்குப் பின் நிற்கும் ராஜாவை ‘யார் நீர்?’ என்று கேட்கும் கட்டியங்காரனுக்கும் இதே வேலைதான்.

அதன் பிறகு குறுக்குவழி இல்லை. யாராக இருந்தாலும் 2013-இன் முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக வர வேண்டும். இது எளிதல்ல. முதல் பாகத்தில் ஓர் அரக்கனோடு போரிடக் கிளம்பும் நாயகனை, முன்பு அவனை வென்ற மூத்த வீரர்கள் விருந்துக்கு மதுவும் உணவுப் பொருட்களும் சேகரித்து வரச்சொல்லி அலைக்கழிக்கிறார்கள். பலர் சலித்து வெளியேறுவது இந்தப் பாகத்தில்தான். 2020-இல் அதன் பணிகள் பலவற்றை நிறுவனமே வெட்டிச் சுருக்கியது. 2017 முதல், பணம் கட்டினால் பழைய கதையைத் தாண்டிப் போகவும் அனுமதிக்கிறது. பல நூறு மணி நேரத்தை எல்லோராலும் செலவிட முடியாது என்பதால் இதைக் குறைசொல்வதற்கில்லை.

ஆனால் தாண்டியவர் எதை இழக்கிறார் என்று பார்க்க வேண்டும். பனிமலைக் காவல் முகாம் ஒன்றில் ஹார்ஷஃபோன் என்ற தளபதி வருகிறான். முதல் பாகத்தில் அவனுக்காகச் சில்லறை வேலைகள் செய்கிறோம். பிறகு எல்லோரும் கைவிட்ட ஓர் இரவில் அவன்தான் நமக்கு இடம் தருகிறான். 2015-இல் வந்த ‘ஹெவன்ஸ்வர்ட்’ பாகத்தில் அவனுக்கு நேர்வதை இங்கே சொல்லப்போவதில்லை. சுருக்கத்தில் அது ஒரே வரிதான். படித்தால் புரியும், வலிக்காது. சில்லறை வேலை செய்தவருக்கு வலிக்கும். சுருக்கம் நிகழ்ச்சிகளைக் கடத்திவிடுகிறது. பாத்திரங்களுக்கு நாம் பட்ட கடனை அதனால் கடத்த முடிவதில்லை.

ஆலனிலும் ஃபிரிஸ்கோவிலும் பிள்ளை வளர்க்கும் நமக்கு இது வெறும் விளையாட்டு விமர்சனம் அல்ல. நம் பிள்ளைகள் ஊர்க்கதைக்குள் நடுவில் வந்து சேர்ந்தவர்கள். தாத்தா யார், அந்த நிலம் ஏன் போயிற்று, எந்தச் சித்தப்பாவோடு ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்பதையெல்லாம் கோடை விடுமுறையில் விமானம் ஏறுமுன் ஒரு சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஊரில் இறங்கியதும் அவர்கள் கண் கலங்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். பாட்டிக்குக் கடையில் வெற்றிலை வாங்கிவரும் சில்லறை வேலையை அவர்களுக்குக் கொடுத்தோமா?

இதே பிள்ளைகள் ஒரு கற்பனை உலகின் தளபதிக்காக வருந்துகிறார்கள் என்றால், அவர்களிடம் ஈரம் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த விளையாட்டின் முதல் இரண்டு மூன்று பாகங்களை இலவசமாகவே ஆடிப்பார்க்கலாம். பெற்றோர் ஒருவர் பிள்ளையைக் கட்டியங்காரனாக வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை ஆடிப்பார்ப்பது நல்லது. கதை தெரியாமல் வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்பது அப்போது நமக்கும் தெரியும்.